பிரவுசர் தானாகத் தளங்களைத் திறக்கிறது: கூப்பிடுவது யார்?

நவம்பர் 14, 2024, மாலை. புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அண்ணே, அப்பாவின் மருந்துக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டர். விண்டோஸ் 10, குரோம். யாரும் தொடாமல் இருக்கும்போதே புதுப் பக்கம் திறக்கிறது. ஒரு தடவை சூதாட்டத் தளம், இன்னொரு தடவை ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று கத்தும் பக்கம், அப்புறம் ஏதோ வெளிநாட்டு ஷாப்பிங். ஆன்டிவைரஸில் முழு ஸ்கேன் ஓட்டினால் சுத்தமாக இருக்கிறது என்கிறது. சர்வீஸ் கடையில் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார்கள். ஸ்டாக் கணக்கு முழுக்க அதில்தான். வேறு வழி இல்லையா?

நவம்பர் 14, இரவு

ஃபார்மட் வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். முதல் வேலை, ஸ்டாக் கணக்கை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, அந்தப் பென்டிரைவைக் கழற்றிக் கல்லாப் பெட்டியில் போடுங்கள். பிறகு மற்றது.

பிரவுசர் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. யாரோ திறக்கச் சொன்னதால்தான் திறக்கிறது. சொன்னது யார் என்று தெரியாமல் பிரவுசரை அழித்து அழித்து நிறுவினால் எதுவும் மாறாது. அதனால் இதைக் கவனித்துச் சொல்லுங்கள் தம்பி: குரோமை முழுக்க மூடி வைத்திருந்தாலும் அது எழுந்து வந்து பக்கத்தைக் காட்டுகிறதா, இல்லை குரோம் திறந்திருக்கும்போது மட்டும்தான் புது டேப் முளைக்கிறதா? மூடியிருந்தும் வந்தால் ஆள் வெளியே, விண்டோஸில் இருக்கிறான். திறந்திருக்கும்போது மட்டும் என்றால் குரோமுக்குள்ளேயே தேட வேண்டும். கடையில் அதே வைஃபையில் இருக்கும் போன்களிலும் இப்படி வந்தால் இரண்டும் இல்லை, மோடம்.

நவம்பர் 15, காலை

தம்பியின் பதில் வரும்வரை என் கடைக் கதை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் சின்னக் கடை. நவம்பர் வந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்ச்சான்றுக்கு வருவார்கள். போன வருடம் ரயில்வேயில் இருந்த பெரியவர் ஒருவர் கைரேகை வைத்துக்கொண்டிருக்கிறார், திரையின் வலது மூலையில் சீட்டுக்கட்டோடு ஒரு பெண் சிரிக்கிறாள். ரம்மி ஆடினால் போனஸாம். “இதுக்கும் என் பென்ஷனுக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

அது வைரஸே இல்லை. கடைப் பையன் ஏதோ தேர்வு முடிவு பார்க்கப் போன தளத்தில், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் பொத்தானை அழுத்துங்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அழுத்திவிட்டான். உண்மையில் அவன் கொடுத்தது நோட்டிஃபிகேஷன் அனுமதி. அதற்குப் பிறகு அந்தத் தளத்தைத் திறக்காவிட்டாலும் அங்கிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும்.

குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்கள் அங்கே வரிசையாக இருக்கும். அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகப் பெயர் உள்ளதை எல்லாம் நீக்கிவிடுங்கள். அதே பக்கத்திலேயே இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கக்கூடாது என்றும் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இழப்பு ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று. நோட்டிஃபிகேஷன் யாரும் தொடாமல் ஒரு பக்கத்தைத் திறக்க முடியாது, யாராவது கிளிக் செய்ய வேண்டும். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் பொத்தான்களுக்குப் பெயர் வைப்பது அந்தத் தளம்தான். ‘மூடு’ என்று பெயர் வைத்துவிட்டு, அழுத்தினால் பக்கத்தைத் திறப்பார்கள். பையன் மூடத்தான் செய்தேன் என்று சத்தியம் செய்தான். அவன் சொன்னதும் உண்மை.

நவம்பர் 15, மதியம்

நேற்று சொன்ன ‘குரோமை முழுக்க மூடி’ என்பதற்கு ஒரு பின்குறிப்பு. பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல்தான் போகும், குரோம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், குரோம் மூடிய பிறகும் பின்னணியில் ஆப்கள் ஓடட்டும் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் பட்டியல்) குரோம் ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகு சோதித்தால்தான் சோதனை.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. கடை இல்லை. எக்ஸ்டென்ஷன் பற்றி எழுதுகிறேன், அதாவது கூடுதல் வசதிக்காகப் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்கள்.

நல்ல எக்ஸ்டென்ஷனும் கெட்டுப்போகும். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும். பல லட்சம் பேர் வைத்திருந்தார்கள், நானும்தான். 2020-ல் அதை உருவாக்கியவர் வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டார். 2021 பிப்ரவரியில் அதற்குள் தீய நிரல் இருக்கிறது என்று கூகுள் தூக்கி எறிந்தது. இடைப்பட்ட காலத்தில் நாம் எதையும் புதிதாக நிறுவவில்லை. எக்ஸ்டென்ஷன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே ‘நான் புதுசா எதுவும் போடல’ என்று யாராவது சொன்னால் நம்புகிறேன், ஆனால் அது எதையும் நிரூபிக்காது.

சோதிக்க எளிய வழி: குரோமில் கெஸ்ட் ஆக நுழையுங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. ஒரு நாள் முழுக்க கெஸ்டில் வேலை பார்த்து எதுவும் திறக்கவில்லை என்றால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பக்கம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் இதற்கென்றே டிரபிள்ஷூட் மோட் உண்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால் வரும்.

நீக்கியும் திரும்பி வந்தால் இரண்டு காரணம் பார்க்கலாம். ஒன்று, சிங்க். அதே கூகுள் கணக்கு வீட்டு லேப்டாப்பிலும் இருந்து, அங்கே அந்த எக்ஸ்டென்ஷன் இருந்தால் மறுபடி இங்கே இறங்கும். இரண்டாவது கொஞ்சம் மோசம்: நீக்கும் பொத்தானே மங்கலாக இருக்கும், குரோமின் மெனு அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி தெரியும். பெரிய அலுவலகங்கள் தங்கள் கணினிகளுக்குக் கொள்கை போடுவதற்காக உள்ள வசதி அது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் என்ற கிளையில், இந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டாயம் நிறுவு என்று எழுதி வைத்தால் குரோம் மறுபேச்சில்லாமல் நிறுவும். மருந்துக்கடைக்கு எந்த நிறுவனம் கொள்கை போடும்? அந்த வரியைப் பார்த்தால், முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். என்னென்ன கட்டளை இருக்கிறது என்று காட்டும். எக்ஸ்டென்ஷனின் பெயர் அங்கே இருக்காது. ஆங்கிலத்தின் முதல் 16 எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய 32 எழுத்துச் சரம் இருக்கும், அதுதான் அடையாளம். சில ஆன்டிவைரஸ்களும் நியாயமாகவே கொள்கை போடும் என்பதால் பார்த்தவுடன் அழிக்க வேண்டாம், அந்தச் சரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

நவம்பர் 19

யூட்டியூபில் பார்த்து ‘கிளீன் அப் கம்ப்யூட்டர்’ என்று குரோமில் தேடுபவர்களுக்கு: அது இப்போது இல்லை. 2023 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். உங்கள் குரோமில் கோளாறு இல்லை, வீடியோதான் பழசு.

நவம்பர் 20, இரவு

தம்பி பார்த்துச் சொல்லிவிட்டார். டாஸ்க் மேனேஜரில் குரோம் இல்லை என்று உறுதி செய்த பிறகும், கொஞ்ச நேரத்தில் அதுவே எழுந்து சூதாட்டப் பக்கத்தைக் காட்டியதாம். போன்களில் எதுவும் இல்லை. அதோடு, டீஃபால்ட் பிரவுசரை எட்ஜ் என்று மாற்றியதும் அதே பக்கம் எட்ஜில் திறந்திருக்கிறது. இந்த யோசனை அவருடையது, நான் சொல்லவில்லை. பிரமாதம். எக்ஸ்டென்ஷன் ஆராய்ச்சி எல்லாம் இவருக்கு வேண்டாம். விண்டோஸில் ஏதோ ஒன்று, ‘இந்த முகவரியைத் திற’ என்று மட்டும் சொல்கிறது. எதில் திறப்பது என்பதை விண்டோஸ் முடிவு செய்கிறது.

அப்படிச் சொல்லக்கூடியவை: டெஸ்க்டாப் ஐகான் (ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டார்கெட் பெட்டியில் குரோமின் பெயருக்குப் பின்னால் ஒரு இணைய முகவரி ஒட்டியிருக்கும், ஆனால் அது நாம் ஐகானைச் சொடுக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும், எனவே இவருக்குப் பொருந்தாது), ஸ்டார்ட்அப் பட்டியல் (கணினி போட்டவுடன் ஒரு தடவை), டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸ் வசதி, மணிக்கணக்கு வைத்துத் திரும்பத் திரும்ப). நான் மூன்றாவதில் பந்தயம் கட்டுகிறேன். தம்பி, பக்கம் திறக்கும் நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

நவம்பர் 22

இடையில் ஒரு கடலூர் முதுநகர் கேஸ். துறைமுகம் பக்கம் ஐஸ் பிளான்ட் அலுவலகம். எட்ஜ் தானாகத் திறந்து, விண்டோஸில் உதவி பெறுவது எப்படி என்று பிங்கில் தேடுகிறது. ஒன்று மூடினால் நாலு திறக்கிறது. ஹேக் செய்துவிட்டார்கள் என்று முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. போய்ப் பார்த்தேன். கீபோர்டில் எஃப் 1 விசை கீழேயே நிற்கிறது. விண்டோஸ் 10-ல் எஃப் 1 அழுத்தினால் உதவிப் பக்கம் திறக்கும், அழுத்திக்கொண்டே இருந்தால் திறந்துகொண்டே இருக்கும். உப்புக்காற்றும் ஈரக்கையும் வருடக்கணக்கில் செய்த வேலை. கீபோர்டைக் கழற்றினேன், நின்றது. முதலாளிக்கு இன்னமும் திருப்தி இல்லை. “அப்ப ஹேக் இல்லையா?” என்று ஏமாற்றத்தோடு கேட்கிறார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. திறக்கும் பக்கம் மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கமாகவே இருந்தால், மென்பொருளைத் தொடும் முன் வேறு கீபோர்டு மாட்டிப் பாருங்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

துண்டுச் சீட்டு வேலை செய்தது. 10:07, 11:07, 12:07. ஒரு மணி நேர இடைவெளி, நிமிடம் மாறவே இல்லை. ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறக்கச் சொன்னேன். வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டாஸ்க்ஸ் போட மறக்கக்கூடாது, மறைந்திருக்கும்படி ஒரு டாஸ்க்கைப் பதிவு செய்ய முடியும். பட்டியலில் பெயரை நம்ப வேண்டாம், எல்லாம் ஏதோ அப்டேட் என்றுதான் இருக்கும். ஆக்‌ஷன்ஸ் என்ற பகுதியைத் திறந்து, எதை ஓட்டுகிறது என்று பாருங்கள். தம்பி கண்டுபிடித்தார்: சி.எம்.டி.யை (கட்டளைகளை அடித்து ஓட்டும் விண்டோஸ் நிரல்) ஓட்டு, ஸ்டார்ட் கட்டளை கொடு, பின்னால் நீளமான ஒரு முகவரி. லாக் ஆன் ஆனதும் தொடங்கு, ஒரு மணிக்கொரு தரம் திரும்பச் செய்.

ஒரே முகவரி எப்படி வேறு வேறு தளமாகத் திறக்கிறது என்று கேட்டார். அந்த முகவரி ஒரு தரகன். நீங்கள் எந்த நாடு, எந்தக் கருவி என்று பார்த்து, அந்த நேரத்தில் எந்த விளம்பரதாரர் காசு கொடுக்கிறாரோ அங்கே தள்ளிவிடும். ஒவ்வொரு திறப்புக்கும் தரகனுக்குக் கமிஷன்.

ஆன்டிவைரஸ் ஏன் சும்மா இருந்தது? சி.எம்.டி. விண்டோஸின் சொந்தப் பிள்ளை. டாஸ்க் ஷெட்யூலரும் அப்படியே. ஒரு இணைய முகவரியைத் திறப்பது குற்றமும் இல்லை. எதைப் பிடிக்கும்? இந்த மாதிரி ரகத்துக்கு விண்டோஸ் செக்யூரிட்டியில் தனி சுவிட்ச் 2020-ல் வந்தது: ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன், அதில் வேண்டத்தகாத ஆப்களைத் தடுப்பது. வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதிலும் இதே போன்ற அமைப்பு இருக்கிறதா, அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

டாஸ்க்கை அழித்தாயிற்று. 1:07-க்கு எதுவும் வரவில்லை. தம்பி ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்.

நவம்பர் 25, காலை

சிரிப்பு பொம்மை வாபஸ். காலையில் கம்ப்யூட்டர் போட்டதும் டாஸ்க் மறுபடி இருக்கிறது. பெயர் மட்டும் வேறு.

எதிர்பார்த்ததுதான். டாஸ்க் கைப்பாவை. அதை எழுதி வைக்கிற ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான், லாக் ஆன் ஆகும்போது எழுந்து, தன் டாஸ்க் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் புதிதாக எழுதுகிறான்.

நவம்பர் 25, இரவு

இனி சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகள். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் தொடங்கியது, 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இலவசம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மட்டும் இறக்குங்கள். வைரஸ் தேடுகிறேன் என்று கண்ட தளத்தில் கண்ட கிளீனரை இறக்கி இன்னொரு பிள்ளையைத் தத்தெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோரன்ஸ்: விண்டோஸில் தானாக எழும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். டாஸ்க்குகளும் அதில் அடக்கம். ஆப்ஷன்ஸில் ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் போட்டால் பட்டியல் சுருங்கும். மிச்சத்தில், ஆப்டேட்டா கோப்புறைக்குள்ளிருந்து (ஒவ்வொரு பயனருக்கும் நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் இடம்) ஓடுவது எது, தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாதது எது என்று பாருங்கள். சந்தேகமானதை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுங்கள், தப்பென்றால் திரும்பப் போடலாம்.

பிராசஸ் மானிட்டர்: இதுதான் எனக்குப் பிடித்தது. ஃபில்டரில் பிராசஸ் கிரியேட் (புதிதாக ஒரு நிரல் ஓடத் தொடங்குவது) என்பதை மட்டும் வைத்து ஓடவிட்டு, பக்கம் திறக்கும்வரை காத்திருங்கள். திறந்ததும் நிறுத்தி, டூல்ஸில் பிராசஸ் ட்ரீ. யார் யாரைப் பெற்றெடுத்தார்கள் என்று வம்சாவளியே தெரியும். முடிந்து போன பிராசஸ்களையும் காட்டும் என்பதுதான் இதன் அருமை. டாஸ்க் மேனேஜரில் அது கிடைக்காது. குரோம் ஏற்கெனவே திறந்திருந்தால், புதிதாகக் கூப்பிட்ட குரோம் அந்த முகவரியைப் பழைய குரோமிடம் கொடுத்துவிட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் செத்துவிடும். வெறும் கண்ணால் பிடிக்க முடியாது.

நவம்பர் 27

கிடைத்தது. ஆட்டோரன்ஸில், ஆப்டேட்டா ரோமிங்கில் ஒரு கோப்புறை, அதில் அப்டேட்டர் என்ற பெயரில் கையொப்பம் இல்லாத ஒரு நிரல். ரெஜிஸ்ட்ரியில், லாக் ஆன் ஆனதும் ஓட வேண்டியவற்றை எழுதி வைக்கும் ரன் கீயில் தொங்குகிறது. கோப்புறை உருவான தேதியைப் பார்த்து, கன்ட்ரோல் பேனலில் நிறுவிய மென்பொருள்களைத் தேதி வாரியாக அடுக்கினால் அதே நாளில் ஒன்று: இலவச பி.டி.எஃப் மாற்றி. கடையில் வேலை செய்யும் பெண், ஜி.எஸ்.டி. பில்லை எக்ஸெலுக்கு மாற்றித் தரச் சொன்னதால் இறக்கியிருக்கிறார். தேடலில் மேலே வந்ததை, அதாவது விளம்பரத்தை, சொடுக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள் தம்பி. பி.டி.எஃப். சரியாகத்தான் மாறியதாம்.

அழிக்கும் வரிசை முக்கியம். இணையத்தைக் கழற்றுங்கள். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஆட்டோரன்ஸில் ரன் கீ, டாஸ்க் இரண்டையும் எடுங்கள். கோப்புறையை அழியுங்கள். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஆட்டோரன்ஸ் பாருங்கள். டாஸ்க்கை முதலில் அழித்ததால்தான் ஞாயிற்றுக்கிழமை கொண்டாட்டம் ஒரு இரவில் முடிந்தது.

டிசம்பர் 6

பெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் தென்பெண்ணை வெள்ளம். கரண்ட் இல்லை, நெட் இல்லை, கடை ஷட்டருக்குள் தண்ணீர். ஜெராக்ஸ் மெஷினை மேசை மேல் ஏற்றி வைத்ததால் பிழைத்தது. யு.பி.எஸ். பிழைக்கவில்லை. லாஸ்பேட்டையில் மருந்துகளை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார்களாம், கணினியும் நலம், 10:07-க்கு எதுவும் திறப்பதில்லையாம்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: புயலுக்குப் பிறகு நெட் வந்து வந்து போகிறது, ஒவ்வொரு தடவையும் எம்.எஸ்.என். பக்கம் தானாகத் திறக்கிறது, எனக்கும் அந்த பி.டி.எஃப் பூச்சியா?

இல்லைக்கா. இது விண்டோஸே செய்வது. நெட் இணைந்ததும் உண்மையிலேயே வெளியே போக முடிகிறதா என்று மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனை முகவரியைத் தொட்டுப் பார்க்கும். ஓட்டல், ரயில் நிலைய வைஃபையில் வருவது போல லாகின் பக்கம் ஏதோ குறுக்கே நிற்கிறது என்று தோன்றினால் பிரவுசரைத் திறந்து காட்டும். அதற்குள் நெட் சரியாகிவிட்டால் அந்த முகவரி எம்.எஸ்.என்.-க்குக் கொண்டுபோய் விடும். லைன் நிலையானதும் நின்றுவிடும்.

மோடம் நனைந்து புதிது மாட்டியவர்கள் ஒன்று செய்யுங்கள். அதன் நிர்வாகப் பக்கத்துக்கு வரும் கடவுச்சொல் அட்மின், அட்மின் என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள். உள்ளே நுழைகிறவன், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வரின் முகவரியை மாற்றினால், நீங்கள் சரியான பெயரை அடித்தாலும் அவன் சொல்லும் இடத்துக்குப் போவீர்கள், வீட்டில் உள்ள அத்தனை கருவிகளும். டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற தீய நிரல் இப்படி 100-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் டி.என்.எஸ்.ஸைத் திருப்பிவிட்டிருந்தது. 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது. சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் இணையமே போய்விடும் என்பதால், நல்ல சர்வர்களை அந்த இடத்தில் வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். திருடன் வைத்த பைப்பில் போலீஸ் தண்ணீர் விட்ட கதை.

டிசம்பர் 9

தம்பியின் கடைசிக் கேள்வி: “இப்ப சொல்லுங்க, ஃபார்மட் பண்ணவே வேண்டாமா?”

நவம்பர் 14-ல் வேண்டாம் என்றேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறேன். அன்றைக்கு ஃபார்மட் அடித்திருந்தால், பி.டி.எஃப் மாற்றிதான் காரணம் என்றே தெரியாது, அடுத்த ஜி.எஸ்.டி. மாதத்தில் அதே கை அதையே இறக்கியிருக்கும். காரணம் தெரிந்த பிறகு நிலைமை வேறு. அந்த நிரல் உங்கள் விண்டோஸ் கணக்கின் உரிமையோடு ஓடியது. விளம்பரம் மட்டும்தான் திறந்தது என்பது நாம் கண்ணால் பார்த்த அளவு. ஆகவே குரோமில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றையும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். இன்றே.

கணினியை வருடக் கணக்கு முடிந்ததும் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிகிறது, எப்படியும் அந்த வேலை வரத்தான் போகிறது. அதுவரை வங்கி வேலையை அந்தக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டாம். பில் போடும் பெண்ணுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள். ஆப்டேட்டாவில் நிறுவ அட்மின் உரிமை தேவையில்லை என்பதால் இந்த பி.டி.எஃப் மாற்றியை அது தடுத்திருக்காது, ஆனால் அது அந்தக் கணக்கோடு நின்றிருக்கும், அப்பாவின் கணக்குக்கு வந்திருக்காது. பில்லை எக்ஸெலுக்கு மாற்ற என்ன செய்வது என்றும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்: கணினியில் எக்ஸெல் 365 இருந்தால் டேட்டா மெனுவில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், அதில் பி.டி.எஃப். தனி மென்பொருளே வேண்டாம்.